அங்காளம்மாள் ஆக்கிய சோறு

மண்ணில் புரளாதே என்றால் புரளும், தொட்டிப் பக்கம் போகாதே என்றால் அங்கேதான் போய் நிற்கும். அப்படிப்பட்ட மூன்று வயதுப் பிள்ளை ஒரே ஒரு பேச்சை மட்டும் எப்படித் தட்டாமல் கேட்டது? அதுவும் பசித்த வயிற்றோடு?

இந்தக் கேள்வி முதலில் என் காதில் விழுந்தபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பதிலைக் கண்டுபிடித்தவள் அங்காளம்மாள். ஆகவே அவள் கதையாகவே சொல்கிறேன்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் பாதி வழியில் இறங்கி, மலையைப் பார்த்து நடந்தால் ஒரு ஊர் வரும். பெயரை எழுதவில்லை. எழுதினால், அந்த ஊரில் மட்டும்தான் இப்படி நடந்தது என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். ஊருக்குத் தெற்கே வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி. அங்காளம்மாள் காலனிக்காரி.

சத்துணவு வந்த மறுவருஷம் ஊரில் பால்வாடி திறந்தார்கள். பஞ்சாயத்துக்குச் சொந்தமான பழைய ஓட்டுக் கட்டடம்தான் பால்வாடி. முன்னால் ஒரு கூடம், பின்னால் புகை படிந்த சமையல் தாழ்வாரம். சமைக்கிற ஆயாவாக அங்காளம்மாளைப் போட்டு யூனியன் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. அவள் மனுக் கொடுத்திருந்தாளே ஒழிய, கிடைக்கும் என்று நம்பியிருக்கவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து நாற்று நடுவதும் களை எடுப்பதுமாக முதுகை வெயிலுக்குக் கொடுத்தவள். நிழலில் நின்று செய்கிற வேலை அவள் பரம்பரையிலேயே அதுதான் முதல். முதல் நாள் அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்தபோது, தன் முகம் அதில் கோணலாகத் தெரிவதைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. சோறு வெந்தது, சாம்பார் கொதித்தது, பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள், தட்டில் சோறு விழுந்தது. காலனிப் பிள்ளைகள் நாலைந்து பேர் குனிந்த தலை நிமிராமல் தின்றார்கள். ஊர்ப் பிள்ளைகள் தொடவில்லை.

தொடாமல் இருப்பதிலும் ஆளுக்கொரு தினுசு. ஒருவன் சாக்குமூட்டை வாயைச் சுருக்குப் போட்ட மாதிரி உதட்டை இறுக்கிக்கொள்வான். ஒருத்தி உத்தரத்துப் பல்லியையே பார்த்துக்கொண்டிருப்பாள். இன்னொருவன் தட்டைக் கவிழ்த்துப் போட்டு மேளம் அடிப்பான். இருப்பதிலேயே பெரியவன், நாலு வயதுக்காரன், காக்கைக்கு ஒவ்வொரு பருக்கையாக வீசிவிட்டு, “நான் தின்னுட்டேன்” என்று கையைக் காட்டுவான். கையில் ஒரு பருக்கைகூட ஒட்டியிருக்காது.

டீச்சர் அம்புஜவல்லி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ஆண்டாள் கோயில் மாட வீதியில் வீடு. காலையில் பஸ்ஸில் வந்து சாயங்காலம் பஸ்ஸில் போவார். பிள்ளைகள்மேல் உண்மையான பிரியம் உள்ளவர். மூக்கு ஒழுகினால் தன் கைக்குட்டையால் துடைப்பார். ஆனால் மத்தியானம் ஆனால் தன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கூடத்து மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். வீட்டு ஆசாரம் அது, அவர் மட்டும் என்ன செய்வார்.

“உப்பு கொஞ்சம் தூக்கலோ, அங்காளம்மா?” என்று கேட்டார் ஒரு நாள்.

“நேத்துக் கம்மியாப் போட்டேன் டீச்சர். அப்பவும் திங்கல.”

“அரிசி வாடையா இருக்குமோ? கோட்டா அரிசி இல்லையோ.”

“காலனிப் பிள்ளைகளுக்கு மூக்கு இல்லையா டீச்சர்?”

டீச்சர் கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தார். அந்த மடிப்பு முடிவதாகவே இல்லை.

காரணம் ஊருக்கே தெரியும். யாரும் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். சத்துமாவு உருண்டையை டீச்சர் கையால் உருட்டிக் கொடுத்தால் அதே பிள்ளைகள் வாங்கித் தின்றன. அம்மாமார்களுக்குப் பால்வாடி வேண்டியிருந்தது. களையெடுப்புக்கும் பருத்தி எடுப்புக்கும் போகிறவர்கள் பிள்ளையை எங்கே விடுவது? ஆகவே காலையில் கம்பங்கூழையோ பழையதையோ வயிறு முட்டக் கொடுத்துக் கொண்டுவந்து விட்டுப் போவார்கள். சாயங்காலம் வந்து தூக்கும்போது பிள்ளையின் வாயை முகர்ந்து பார்ப்பார்கள். பிள்ளை கன்னத்தில் முத்தம் கொடுக்கிற மாதிரிதான் இருக்கும். அங்காளம்மாளுக்கு அது முத்தம் இல்லை என்று தெரியும்.

அவளுக்கு விளங்காதது ஒன்றே ஒன்றுதான். பெரியவர்கள் திங்காதே என்று சொல்லியிருப்பார்கள், சரி. இதுகள் எப்போது பெரியவர்கள் சொன்னதைக் கேட்டன? பகல் ஒரு மணிக்குப் பசியில் வயிறு ஒட்டி, கண் சோற்றிலேயே இருக்க, வாய் மட்டும் எப்படித் திறக்காமல் இருக்கிறது?

வீட்டில் புருஷன் பால்ச்சாமி வேறு. ராஜபாளையத்தில் பஞ்சு மூட்டை சுமக்கிறவன். தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடியே வந்து உட்காருவான்.

“இன்னைக்கு எத்தன காக்கா சாப்பிட்டுச்சி?” என்பான்.

“ஒனக்கு நையாண்டி.”

“காக்காய்க்குச் சமைக்கவா கவர்மெண்டு ஒன்ன வச்சிருக்கு? ஒருவேள அதுகளுக்கும் எலெக்சன்ல ஓட்டுக் குடுத்திருப்பாங்க போல.”

அவள் அகப்பையை ஓங்குவாள். அவன் சிரித்துக்கொண்டே தள்ளி உட்காருவான். சிரித்தாலும் அவனுக்கும் உள்ளூரப் பயம் இருந்தது. அந்தப் பயம் வீண்போகவில்லை. ஒரு நாள் யூனியன் ஆபீசிலிருந்து, பால்வாடிகளை மேற்பார்க்கிற சேவிகா அம்மா வந்தார். பிள்ளைகள் உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்தார், நிறைந்த தட்டுகளைப் பார்த்தார், தாழ்வாரத்துக்கு வெளியே காத்திருந்த காக்கைகளையும் பார்த்தார். டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகத்தான் பேசினார். ஓட்டுக் கட்டடத்தில் மெதுவாகப் பேசினாலும் கேட்கும்.

“ஆள மாத்திப் பாருங்களேன். இந்த அம்மாவக் கூட்டிப் பெருக்கப் போட்டுட்டு, ஊருக்குள்ளயே ஒரு ஆள் சமைக்கட்டும். பிள்ளைங்க சாப்பிடணும், அதுதானே நமக்கு முக்கியம்? அடுத்த தடவ நான் வரும்போதும் இப்படியே இருந்தா எழுதிருவேன்.”

அங்காளம்மாள் அண்டாவுக்குள் தலையை விட்டுக் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர்ப் பிள்ளைகளில் ஒருத்தி பெயர் தவிட்டம்மாள். ஊர் வழக்கில் தவுட்டம்மா. மூன்று முடிந்து நாலாகப் போகிறது. இருளப்பசாமி – பெத்தம்மாள் தம்பதிக்கு அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் நாற்பது நாள் தாண்டவில்லை. பிறந்து பிறந்து சாகிற வீட்டில் அந்தப் பக்கத்தில் ஒரு காரியம் செய்வார்கள். பிறந்த பிள்ளையைச் சொளகில், அதாவது புடைக்கிற முறத்தில், கிடத்திக் குப்பைமேட்டில் வைக்க வேண்டும். வேறொருத்தி வந்து ஒரு படி தவிடு கொடுத்து அதை விலைக்கு வாங்க வேண்டும். வாங்கியவள், “என் பிள்ளைய நீ வளத்துக் குடு” என்று பெற்றவளிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். எமன் தேடி வந்தால் பெற்றவள் பிள்ளை என்று தேடுவான். இது தவிட்டுக்கு வந்த பிள்ளைதானே, போய்விடுவான். வாங்குகிறவள் எவ்வளவு தள்ளி இருக்கிற தெருக்காரியோ, எமனுக்கு அவ்வளவு தடம் தெரியாது என்று ஒரு நம்பிக்கை.

தவுட்டம்மாவை அப்படி வாங்கியவள் அங்காளம்மாள்தான். அப்போது பெத்தம்மாள் காட்டில் அவள் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஓலைக் கொட்டானில் தவிடு கொண்டுவந்து, குப்பைமேட்டிலிருந்து சொளகோடு பிள்ளையைத் தூக்கினாள். ஆறாம் மாதம் சோறூட்டும்போதும் வாங்கியவள் கையால்தான் முதல் பருக்கை என்று சொல்லி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வீட்டுக்குள் இல்லை, மாட்டுத் தொழுவத்தில். பிள்ளை அந்தப் பருக்கையைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டு வாயைத் திறந்தது. பெத்தம்மாள் சட்டென்று தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பழக்கத்தில் அங்காளம்மாள் ஒரு நாள் வாய்க்கால் கரையில் பெத்தம்மாளை நிறுத்திக் கேட்டே விட்டாள்.

“தாயி, மத்தவுகளச் சொல்லல. தவுட்டம்மா எங்கையால மொதச் சோறு தின்ன பிள்ள. அதுவாச்சும் ரெண்டு வாய் திங்கட்டுமே. அதப் பாத்து மத்ததும் திங்கும்.”

பெத்தம்மாள் கோபப்படவில்லை. புரியாத ஆளுக்குப் புரிய வைக்கிற மாதிரி சொன்னாள்: “அது சாமிக்குச் செஞ்சது அங்காளம். இது சோறுல்லா?”

அங்காளம்மாள் வாய்க்காலைத் தாண்டிக் காலனிக்கு நடந்தாள்.

பருத்தி வெடித்திருந்த நேரம். விடியுமுன்னே ஆட்களைச் சேர்த்துக்கொண்டு காட்டுக்குப் போன ஒரு நாள், பெத்தம்மாள் பிள்ளைக்கு எதுவும் கொடுக்காமலே போய்விட்டாள். நாத்தனார் சுடலையம்மாள் கொடுத்திருப்பாள் என்று இவள் நினைத்தாள். இவள் கொடுத்திருப்பாள் என்று அவள் நினைத்தாள். பிள்ளை வெறும் வயிற்றோடு பால்வாடிக்கு வந்தது.

மத்தியானம் எல்லாம் வழக்கம்போல நடந்தது. மேளம், பல்லி, காக்கை. பிறகு டீச்சர் பாயை விரித்துப் பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டுத் தானும் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தார். அங்காளம்மாள் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் அடுப்பு மறைவில் தவுட்டம்மா நிற்கிறாள்.

“ஏட்டி, ஒறங்கலையா?”

“எனக்குப் பசிக்கல” என்றாள் பிள்ளை. அதை யாரும் கேட்கவில்லை.

அங்காளம்மாள் வாயே திறக்காமல் சட்டியில் ஒட்டியிருந்த சோற்றைச் சாம்பாரோடு பிசைந்து ஒரு உருண்டை பிடித்து நீட்டினாள். பிள்ளை கூடத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது. அடுத்து, அதற்கடுத்து. மெல்லக்கூட இல்லை, விழுங்கியது. அங்காளம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்தது. புகை, என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

வாயைக் கழுவிவிட்ட பிறகுதான் பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதுக்குள் சொன்னது: “எங்கம்மாட்டச் சொல்லாத.”

“சொல்லல.”

“இங்க சோறு தின்னா எங்கம்மா செத்துப்போவா.”

“ஆரு சொன்னா?”

“எங்கம்மாதான்.” பிறகு விரலை மடக்கி, “சமுத்திரத்தோட அம்மாவும் செத்துப்போவா. பேச்சி அம்மாவும் செத்துப்போவா” என்றது.

அங்காளம்மாள் கழுவிய சட்டியைக் கீழே வைத்தாள். இத்தனை நாள் மண்டையைக் குடைந்த கேள்விக்குப் பதில் இதுதான். அடிக்குப் பயப்படாத பிள்ளையும் இதற்குப் பயப்படும். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருத்தியும் இதையே சொல்லியிருக்கிறாள். எமனுக்கே பொய்க்கணக்குக் காட்டுகிறவர்களுக்குப் பிள்ளையிடம் சாவைப் பற்றி ஒரு பொய் சொல்வது பெரிதாகத் தோன்றவில்லை.

“அதெல்லாம் சாக மாட்டாக. போய் ஒறங்கு” என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பருத்திக் காட்டு வரப்பில் பெத்தம்மாளை விரியன் கடித்தது.

டிராக்டரில் தூக்கிப்போட்டு ராஜபாளையம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கால் தொடைவரை வீங்கி, நீர் பிரியாமல் கிடந்தாள். ஊரில் பாதிப்பேர் முடிந்தது என்றே பேசினார்கள். தவுட்டம்மாவை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. அம்மா எங்கே என்று பிள்ளை கேட்கவும் இல்லை. எங்கே என்று தனக்குத் தெரியும் என்பது போல இருந்தது.

அன்றிலிருந்து அது சாப்பிடவில்லை. பால்வாடியில் மட்டும் அல்ல, வீட்டில், அத்தை வீட்டில், கோயில் பிரசாதம், கடை முறுக்கு, எதற்கும் வாய் திறக்கவில்லை. மூக்கைப் பிடித்துப் பாலை ஊற்றினால் பாதி உள்ளே போகும், பாதி வெளியே வரும். ஏக்கம் என்றார்கள். அம்மா வந்தால் சரியாகிவிடும் என்றார்கள். சுடலையம்மாள் திருநீறு போட்டாள், மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள், முடி கயிறு கட்டினாள்.

பெத்தம்மாள் பிழைத்து வந்தாள். நொண்டிக்கொண்டு நடையில் ஏறியவளைப் பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொண்டது. மடியைவிட்டு இறங்கவில்லை. ஆனால் சோற்றைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இப்போது அம்மாதான் வந்துவிட்டாளே, இனி ஏன்? யாருக்கும் விளங்கவில்லை. பிள்ளை தன் கணக்கை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தடவை தின்றதற்கே பாம்பு கடித்தது. இன்னொரு வாய் தின்றால்? எந்தச் சோறு என்று பிரித்துப் பார்க்கிற வயதா அது? ராஜபாளையத்து டாக்டர் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார். “உடம்புல ஒண்ணுமில்ல. ஆனா இப்படியே விட்டா ஒண்ணும் இருக்காது” என்றாராம்.

அங்காளம்மாளுக்கு மட்டும் தெரியும். தெரிந்ததைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். சொன்னால் பிள்ளை பிழைக்கலாம். ஆனால் ஊர் என்ன சொல்லும்? காலனிச் சோற்றைப் பிள்ளை தின்ற அன்றைக்கே தாயைப் பாம்பு கடித்தது என்று சொல்லும். பொய்யாகச் சொன்னதை நிஜமாக்கி, அவளைச் சமையலிலிருந்து மட்டும் அல்ல, பால்வாடி வாசலிலிருந்தே விரட்டும். சேவிகா அம்மா எழுத வேண்டிய வேலையும் மிச்சம்.

பால்ச்சாமி அன்றைக்கு நையாண்டி பண்ணவில்லை. “வாயத் தொறக்காத” என்றான். “நீ சொன்னா ஒன்மேலதான் விடியும். நம்ம மேல மட்டுமில்ல, காலனி மேலயே விடியும்.”

“பிள்ள செத்துப்போகும்.”

“அவுக பிள்ள.”

“என் பிள்ள” என்றாள் அங்காளம்மாள். “ஒரு படி தவுட்டுக்கு வாங்குனேன். நீதான கொட்டானத் தூக்கிட்டு வந்த?”

பால்ச்சாமி பீடியைப் பற்றவைத்தான்.

மறுநாள் உச்சி வெயிலில் அவள் ஊருக்குள் போனாள். இருளப்பசாமி வீட்டுக்கு எதிரே, தெருவில் நின்றாள். பெத்தம்மாள் நடையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை. பக்கத்தில் சுடலையம்மாள். இருளப்பசாமி உள்ளேயிருந்து வந்து, “என்ன அங்காளம்?” என்றான்.

“ஐயா, நான் சொல்றதக் கேட்டுட்டு அடிச்சாலும் சரி, வஞ்சாலும் சரி. தாயியப் பாம்பு கடிச்ச அன்னைக்கு இது பசியோட வந்துச்சி. எங்கையால சோறு தின்னுச்சி.”

சுடலையம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். “அப்பிடிச் சொல்லு! அதான் விஷம் ஏறிருக்கு. அண்ணே, கேட்டியளா? அவிய ஏதோ ஏக்கம்னாவ, பாசம்னாவ!”

இருளப்பசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினான். அங்காளம்மாள் நகரவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. பெத்தம்மாளைப் பார்த்துத்தான் பேசினாள்.

“தாயி, அங்க சோறு தின்னா அம்மா செத்துப்போவேன்னு இதுட்டச் சொன்னீங்களா, இல்லையா?”

பெத்தம்மாள் பிள்ளையை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

“தின்னுச்சி. அன்னைக்கே பாம்பு கடிச்சிருச்சி. நாந்தான் எங்கம்மாவக் கொன்னேன்னு நெனச்சிட்டிருக்கு. இன்னொரு வாய் தின்னா மிச்சமும் செத்துப்போவீகன்னு வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கு. இதுக்கு முடி கயிறு என்ன செய்யும்?”

தெருவில் ஆள் சேர்ந்துவிட்டது. சேர்ந்த பெண்களில் பலபேர் வீட்டில் இதே வாக்கியம் இருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இருளப்பசாமி படியிலேயே நின்றான். திரும்பி மனைவியைப் பார்த்து, “சொன்னியா?” என்றான்.

பெத்தம்மாள் மடியில் கிடந்த பிள்ளையின் மோவாயைத் தூக்கினாள். “ஏட்டி, நீ தின்னதுனாலயா அம்மாவப் பாம்பு கடிச்சிச்சி?”

பிள்ளை அவள் வாயைப் பொத்தியது. சொல்லாதே, சொன்னால் மறுபடி கடிக்கும் என்கிற மாதிரி.

“அதெல்லாம் சும்மாச் சொன்னேன்டி. அம்மா சாக மாட்டேன். நீ தின்னு.”

பிள்ளை நம்பவில்லை. சாவேன் என்று சொன்னதும் இதே வாய்தானே.

“நீங்க சொன்னா நம்பாது தாயி” என்றாள் அங்காளம்மாள். “நீங்க தின்னு காட்டணும். அதே சோத்த, அதே எடத்துல.”

சுடலையம்மாள்தான், “இவளப் பாரேன், சாக்கு கெடச்சிச்சின்னு!” என்று ஆரம்பித்தாள். பெத்தம்மாள் கையை ஊன்றி எழுந்தாள். வீங்கிய காலை இழுத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். புருஷனிடம் கேட்கவில்லை. அவனும் தடுக்கவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகிறவன் போல வேறு பக்கம் போய்விட்டான்.

பால்வாடியில் அன்றைக்குச் சோறு இறக்கி ஆறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பெத்தம்மாள் அவர்களோடு தரையில் உட்கார்ந்தாள். டீச்சர் தூக்குச்சட்டியைத் திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். அங்காளம்மாள் தட்டில் சோறு போட்டுச் சாம்பார் ஊற்றினாள். பெத்தம்மாள் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

எல்லாப் பிள்ளைகளும் அவளையே பார்த்தன. மேளம் அடிக்கிறவன் அடிக்கவில்லை.

தவுட்டம்மா தன் கையை அம்மா மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது.

“செத்துட்டியா?”

“இல்லட்டி.”

பிள்ளை யோசித்தது. “இன்னொரு வாய் தின்னு.”

தின்றாள். பிள்ளை மறுபடி கையை வைத்துப் பார்த்தது. “இன்னொரு வாய்.” இப்படியே தட்டில் பாதி காலியானது. பாதியில் நிறுத்த முடியுமா என்று பெத்தம்மாள் பார்த்தாள், பிள்ளை விடவில்லை. மூலையிலிருந்து அந்த நாலு வயதுக்காரன் எழுந்து வந்து அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “இப்ப செத்துருவாகளா?” என்று டீச்சரைக் கேட்டான். டீச்சருக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியவில்லை, முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

தட்டு காலியானது. பெத்தம்மாள் உட்கார்ந்தே இருந்தாள், மூச்சோடு. தவுட்டம்மா அம்மாவின் எச்சில் தட்டைத் தூக்கிக்கொண்டு அங்காளம்மாளிடம் போனது.

“எனக்கு” என்றது.

பசித்த வயிறு என்பதால் அங்காளம்மாள் ஒரு அகப்பைக்குமேல் போடவில்லை. மோர் ஊற்றிக் குழையப் பிசைந்து ஊட்டினாள். அன்றைக்கு இன்னும் மூன்று பிள்ளைகள் தாங்களாகவே தின்றன. மறுநாள் சில. நாலு வயதுக்காரன் கடைசிவரை உஷாராக இருந்தான். தன் அம்மாவையும் கூட்டிவந்து தின்னச் சொல்ல வேண்டும் என்று வீட்டில் புரண்டு அழுதானாம். அவள் வரவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவனும் தின்றான்.

இதோடு ஊர் திருந்திவிட்டது என்று எழுதினால் பொய். இரண்டு வீட்டில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். பெத்தம்மாளை அடிபம்பில் தள்ளி நிற்கச் சொன்னார்கள் சிலர். “நீதான் அவ வீட்டுச் சோறு தின்னவளாச்சே” என்று குத்தினார்கள். “வயிறு நெறஞ்சிச்சி, ஒனக்கு என்ன?” என்று அவள் குடத்தை முன்னால் வைத்தாளாம். ஆனால் அதே பெத்தம்மாள், பொங்கலுக்கு நெல் வாங்க வந்த அங்காளம்மாளைத் தொழுவத்தைத் தாண்டி வீட்டுப் பக்கம் கூப்பிடவில்லை. அங்காளம்மாளும் எதிர்பார்க்கவில்லை. டீச்சர் மாற்றலாகிப் போகிறவரை தூக்குச்சட்டியிலிருந்துதான் சாப்பிட்டார். ஆனால் சுவரைப் பார்த்து உட்காருவதை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்து உட்கார்ந்தார்.

சேவிகா அம்மா அடுத்த தடவை வந்தபோது காக்கைகள் குறைந்திருந்தன. எதையும் எழுதாமல் போனார். அதற்குப் பின் ஆளை மாற்றுகிற பேச்சு வரவில்லை. தொண்ணூறுகளில் சிமெண்டுக் கட்டடம் கட்டிக் கேஸ் அடுப்பு கொடுத்தபோதும் அங்காளம்மாள்தான் சமைத்தாள். மூட்டுவலி வந்து அவள் வேலையிலிருந்து நிற்கப்போகிற சமயம், சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பிள்ளையைக் கூட்டிவந்த ஒருத்தி, “நல்லாத் திங்குமா ஆயா, இது அடம் பிடிக்கும்” என்று கேட்டாள். அங்காளம்மாள் அவளைத் தனியாக அழைத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: “பிள்ளைட்ட என்ன சொல்லிக் கூட்டியாந்த?”

சாப்பிடாத பிள்ளை எல்லா ஊரிலும் இருக்கிறது. உப்பு, வாடை, பூச்சி, கண்ணேறு என்று காரணம் தேடுகிறோம். இதைப் படித்தவர்கள், பிள்ளை இருக்கிற ஒரு வீட்டிலாவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களை இன்னொரு வீட்டில் சொல்லச் சொல்லுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள். பெத்தம்மாள் சோறு தின்றாள், சாகவில்லை என்கிற இடத்தை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.